வழி சொல்லும் முறைமை: ஆற்றுப்படை முதல் மலைமிதிவண்டி வரை

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்பே சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பைக் கடந்து செல்லும் இளைஞர் சிலரை நாம் அடிக்கடி காண்கிறோம். தடித்த சக்கரங்கள் பூட்டிய மலைமிதிவண்டிகள், தலைக்கவசம், முதுகில் தண்ணீர்ப்பை. மலையில்லாத ஊரில் மலைமிதிவண்டி எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் தென்சென்னைப் புறநகர் அத்தனை தட்டையானதன்று. திருசூலம், பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர் எனச் சுற்றிலும் குன்றுகள், கைவிடப்பட்ட கல்குவாரிகள், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிக்கரைகள், மேடவாக்கத்தை ஒட்டி நன்மங்கலம் காப்புக்காடு. மாடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் தம் காலடியால் உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள் இவ்விடங்களில் இன்னும் எஞ்சியிருக்கின்றன.

அவ்விளைஞர்கள் ஓட்டி முடித்தபின் செய்கின்ற செயல்தான் நம் கட்டுரைக்குப் பொருள். கைப்பேசி பதிந்து வைத்த தடத்தை இணையத்தில் ஏற்றுகிறார்கள். வரைபடத்தின்மீது ஒரு சிவப்புக் கோடு விழுகிறது. அந்தக் கோட்டைப் பதிவிறக்கிக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவர் அடுத்த ஞாயிறு அதே வழியில் செல்லலாம். எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது, யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பது குறித்து அவர்களுக்குள் ஓயாத வழக்கு உண்டு. 'வழியைச் சொல்லாமல் வைத்திருப்பது கஞ்சத்தனம்' என்பது ஒரு கட்சி. 'சொன்னால் அடுத்த மாதம் அங்கே பிளாஸ்டிக் புட்டிதான் மிஞ்சும்' என்பது மறு கட்சி. நம்மிடம் பயிலும் மாணவர்களிலும் இரு கட்சியாரும் இருக்கின்றனர்.

இது இணையத்தோடு பிறந்த சிக்கல் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வளர்த்து, அதற்கு இலக்கணமும் எழுதி வைத்த மொழி நம்முடையது. அதனிடம் இவ்வழக்கைக் கொண்டுசென்றால் என்ன தீர்ப்புக் கிடைக்கும் என்று பார்ப்பதில் தவறில்லை அன்றோ?

தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படைக்கு வகுக்கும் இலக்கணம் சுருக்கமானது. கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகிய நால்வருள், வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புபவர், பெறாமல் வறுமையில் உழல்பவரை வழியிடையே எதிர்ப்பட்டு, தாம் பெற்ற பெருவளத்தை அவரும் சென்று பெறுமாறு அறிவுறுத்துவது ஆற்றுப்படை. இதனுள் மூன்று கட்டுப்பாடுகள் அடங்கியிருக்கின்றன. சொல்பவர் அந்த வழியில் தாமே சென்று மீண்டவராக இருக்கவேண்டும். கேட்பவர் அவர் கண்முன்னே நிற்கவேண்டும். இருவரும் ஒரே தொழில் மரபினராகவோ அதற்கு நெருங்கியவராகவோ இருக்கவேண்டும். கேள்விப்பட்ட வழியைச் சொல்வதற்கு இங்கே இடமே இல்லை. இன்று செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, காலடி வைக்காத பாதையைக் கோடாக இழுத்து ஏற்றுபவர்களை எண்ணினால், அந்த முதற் கட்டுப்பாட்டின் அருமை விளங்கும்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் வழியைப் பற்றி மிகுதியும் பேசுவது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையாகவும், சேயாற்றை இன்றைய செய்யாறாகவும் அறிஞர் கொள்வர். 1889ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது இப்பாட்டும் அச்சேறியது. அதைப் பெரும்பாலும் இசைக்கருவிப் பட்டியலுக்காகவும் மலையில் எழும் பல்வகை ஒலிகளின் வருணனைக்காகவும் வகுப்புகளில் நடத்துகிறோம். மலைப்பாதைக் கையேடாக ஒருமுறை படித்துப் பாருங்கள். வேறொரு நூலாகத் தெரியும்.

வழி சொல்லத் தொடங்குமுன் அந்தக் கூத்தன் தான் எவற்றையெல்லாம் சொல்லப்போகிறான் என்று வரிசைப்படுத்துகிறான். அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பன வழியின் அளவும், இடையில் தங்கி இளைப்பாறத் தக்க இடங்களும். மலையும் சோலையும் விலங்குகள் வாழும் காடும் அதன் பின்னரே. எவ்வளவு தொலைவு, எங்கே தண்ணீர், எங்கே நிழல் என்பதைச் சொல்லாமல் அழகைச் சொல்லித் தொடங்கும் பயணக் குறிப்புகளை நாம் எத்தனை படித்திருக்கிறோம்!

அடுத்து இடர்கள். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காகச் சிறு வழிகளில் கற்பொறி வைத்திருப்பார்கள். ஆகவே இருளில் நடவாதீர்கள், நன்கு விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். பாம்புகள் மறைந்திருக்கும் குழிகள் உள்ள இடத்தைச் சொல்லி, அங்கே எப்படிக் கடப்பது என்கிறான். பரண்மீதிருந்து யானையை ஓட்டுவோர் எறியும் கவண்கல் விசையோடு வரும், உயிரைப் போக்கவும் கூடும், மரங்களின் பின்னே ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். வழுக்குப் பாசி படர்ந்த நீர்நிலையின் ஓரத்தில் கொடிகளைப் பற்றிக்கொண்டு ஒருவரையொருவர் விடாமல் செல்லச் சொல்கிறான். ஓரிடத்தில், உங்கள் இசைக்கருவிகளைத் தொடாதீர்கள், அந்த மலையில் மழை வந்துவிடும் என்றும் எச்சரிக்கிறான். மழைக்கும் இசைக்கும் என்ன தொடர்பு என்று இன்றைய அறிவியல் கேட்கலாம். ஆனால் மலையில் இரைச்சல் இடாதே என்ற ஒழுக்கம் அதில் பொதிந்திருப்பது மறுக்க இயலாதது. வழி தவறிவிட்டால்? அப்போதுமட்டும் அகன்ற பாறையில் கூடியமர்ந்து கருவிகளை முழக்க வேண்டும். ஓசை கேட்ட கானவர் பதறி ஓடிவந்து, உறவினர்போல் உடனிருந்து வழியில் சேர்ப்பார்கள். எந்த இசை ஓரிடத்தில் தடுக்கப்பட்டதோ அதே இசை இன்னோரிடத்தில் உதவி வேண்டும் குரலாகிறது.

இவற்றினும் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது, அந்த வழியில் நிறைந்திருக்கும் மனிதர்கள். கானவர் சிறுகுடிக்குள் சென்று நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், உங்கள் வீட்டுக்குள் நுழைவதுபோல் தயங்காமல் நுழையுங்கள், அவர்கள் இன்ன உணவு தருவார்கள் என்று சொல்கிறான். கோவலர் இருக்கைக்குச் சென்றால் பால் கிடைக்கும் என்கிறான். வழியோர நடுகற்களைக் கண்டால் யாழ் இசைத்து வணங்கிவிட்டு விரைந்து கடக்கச் சொல்கிறான். அக்கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவன் அந்நிலத்துக்காக உயிர் கொடுத்தவன். அவனுக்கு மரியாதை செய்யாமல் அவன் ஊரைக் கடப்பது தகாது. ஆக, ஆற்றுப்படையில் வழி என்பது வீடுவீடாகத் தொடுக்கப்பட்ட ஒரு சரடு. கைப்பேசி தரும் தடத்தில் உயரம் இருக்கிறது, தொலைவு இருக்கிறது, வேகம் இருக்கிறது. அந்தப் பாதையை ஒவ்வொரு நாளும் மிதித்து அழியாமல் காத்த மாட்டுக்காரர் மட்டும் இல்லை.

நடுகற்களைக் கடந்தவுடன் வரும் அறிவுரை ஒன்று உண்டு. பல வழிகள் பிரியும் இடத்தில், முன்பின் அறியாத நிலத்துக்குப் புதியவர்களாகிய நீங்கள், சந்தியைத் துடைத்துச் சீராக்கிப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். பின்னால் வருபவர் வழி தவறாமைக்கு இது. கேட்பவனை அந்த நொடியிலேயே சொல்பவனாக மாற்றிவிடுகிறான் கூத்தன். வழியைப் பெற்றவன் அதற்கு ஈடாகச் செய்யவேண்டியது இந்தச் சிறு தொண்டு. மரத்தைச் செதுக்கச் சொல்லவில்லை, பாறையில் பெயர் எழுதச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். புல் முடிச்சு அடுத்த மழையில் அவிழ்ந்துவிடும்.

சொல்பவன் நாட்டம் வழியைத் திரிக்கும் என்பதையும் நம் முன்னோர் அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழி சொல்கிறான். கொடும்பை நெடுங்குளக் கரையைக் கடந்தால் சிவபெருமானின் சூலம்போல் வழி மூன்றாகப் பிரியும் என்று தொடங்குபவன், திருமால்குன்றம் வழியாகச் செல்லும் இடப்பக்கத்து வழிக்கு வந்ததும் பொய்கைகள் மூன்று, அவற்றில் நீராடினால் கிடைக்கும் பேறுகள், பிலம் என்று விரித்துக்கொண்டே போகிறான். அவன் திருமால் அடியவன். அவனுக்கு அந்த வழிதான் இனிக்கிறது. கவுந்தியடிகள் அதை நயமாக மறுத்துவிடுகிறார். ஆயினும் மறையோன் ஒரு கடமையில் தவறவில்லை: இடைநெறியில் பயணிகளை மயக்கித் தடுக்கும் தெய்வம் ஒன்று இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டான். பின்னர் அத்தெய்வம் வசந்தமாலை வடிவில் வந்தபோது கோவலன் ஏமாறாமல் தப்பியது அந்த ஒரு குறிப்பினால். தனக்கு விருப்பமான வழியைப் புகழ்ந்தாலும் மற்ற வழியின் இடரை மறைக்காதவன் நல்ல வழிகாட்டிதான்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். வழி கோடாக மாறிய வரலாற்றில் நம் சுற்றுவட்டாரத்துக்கே ஒரு பங்கு உண்டு. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடித்தளக் கோட்டை அளந்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் முக்கோண நில அளவைக்கு அதுவே தொடக்கம். இன்று மேம்பாலங்களும் அடுக்ககங்களும் நிறைந்த இந்நிலத்தில் அன்று சங்கிலி இழுத்துச் சென்றார்கள். (பின்னர் 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் கருவி மோதிச் சேதமுற்றது தனிக்கதை.) கூத்தன் சொன்ன வழிக்கும் லாம்டன் அளந்த கோட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கோடு யாருக்கும் சொல்லப்படுவதில்லை. யாருடைய வீட்டிலும் நின்று இளைப்பாறுவதில்லை. அது ஆட்சிக்குப் பயன்பட்டது, படைக்குப் பயன்பட்டது. விடுதலைக்குப் பின்னும் நில அளவைத் துறையின் நுட்பமான நிலப்படங்கள் பல, பாதுகாப்புக் காரணம் காட்டி நெடுங்காலம் பொதுமக்களுக்குக் கிட்டாமல் இருந்தன. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையும், 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதல்களும் அக்கதவைத் திறந்தன. இடையில் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், நிலப்படத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம் என்றாக்கிவிட்டது. அரசிடம் இருந்த கோடு இப்படித்தான் மிதிவண்டிக்காரரின் கைக்கு வந்து சேர்ந்தது.

மலைமிதிவண்டி பிறந்த இடத்திலும் இதே வழக்குதான். கலிபோர்னியாவில் டமல்பையஸ் மலையடிவாரத்து ஃபேர்பேக்ஸ் ஊரார் பழைய மிதிவண்டிகளை ஒட்டுப்போட்டு, 1976இல் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். கூட்டம் பெருகியது. நடப்பவரும் குதிரையில் வருபவரும் முறையிட, ஒற்றையடிப் பாதைகள் மிதிவண்டிக்கு அடைக்கப்பட்டன. அதன் விளைவாக 1988இல் உருவான பன்னாட்டு மலைமிதிவண்டிச் சங்கம், திறந்துள்ள பாதையில் மட்டும் ஓட்டு, தடயம் விடாதே, பிறருக்கு வழிவிடு, விலங்குகளை அச்சுறுத்தாதே என்று விதிகள் வகுத்தது. எழுதாத விதி ஒன்றும் உண்டு. மண்வெட்டி எடுத்துப் பாதையை வெட்டிச் செப்பனிட்டவரின் இசைவின்றி அதைப் பொதுவில் சொல்லக்கூடாது. வள்ளலின் இடத்தில் இங்கே பாதை வெட்டியவர் நிற்கிறார் எனலாம்.

ஆனால் யாரும் சொல்லாமலே சொல்லப்படும் காலம் வந்துவிட்டது. ஸ்ட்ராவா என்னும் செயலி தன் பயனர்களின் தடங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து உலக வரைபடம் ஒன்றை 2017 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஜனவரியில், பாலைநிலங்களின் நடுவே சுடர்விட்ட கோடுகள் படைமுகாம்களைக் காட்டிக்கொடுத்தது உலகெங்கும் செய்தியாயிற்று. படைவீரர் எவரும் எதையும் அறிவிக்கவில்லை. காலையில் ஓடினார்கள், அவ்வளவே. பயணம் தொடங்கும் இடத்தை, அதாவது சொந்த வீட்டு வாசலை, வரைபடத்தில் மறைத்துவைக்கும் வழக்கம் இன்று மிதிவண்டிக்காரரிடையே பரவியிருப்பதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

இங்கேதான் ஆற்றுப்படை மரபின் எல்லையும் தெரிகிறது. பரிசில் பெற்ற கூத்தன் மற்றவனை அனுப்புவதால் எதையும் இழப்பதில்லை. நன்னனின் கொடை வற்றாதது என்பது பாட்டின் அடிப்படை நம்பிக்கை. எத்தனை பேரை அனுப்பினாலும் வள்ளலுக்குப் புகழ்தான். காடு அப்படிப்பட்ட வள்ளல் அன்று. நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 எக்டேர் பரப்புடைய புதர்க்காடு. நான்கு பக்கமும் வீடுகள் நெருக்கி நிற்கின்றன. அதன் நடுவேயுள்ள பழைய கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்வது பறவை நோக்குவோர் நன்கறிந்த செய்தி. தரையிலும் பாறை விளிம்பிலும் முட்டையிடும் பறவை அது. கூடு இருக்கும் இடுக்கு எது என்பது ஒரு கோடாகவோ புள்ளியாகவோ வெளிப்பட்டால், ஒளிப்படக் கருவியோடு இருபது பேர் வந்து நிற்பதற்கு ஒரு வாரம் போதும். பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் இ-பேர்டு தளம், ஊறுபடக்கூடிய பறவைகளின் துல்லியமான இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவிடுவது இதனால்தான். காப்புக்காட்டினுள் அனுமதியின்றிப் புகுவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பது வேறு. நம் இளைஞர்களில் பலர் அதை அறியார்.

அப்படியானால் ஒளித்துவைத்தலுக்கு நம் மரபில் இலக்கணம் இல்லையா? உண்டு. அது புறத்திணையில் இல்லை, அகத்தில் இருக்கிறது. தலைவனும் தலைவியும் சந்திக்கும் குறியிடத்தைத் தோழி சொல்வாள். சந்திக்க வேண்டியவருக்கு மட்டும், அதுவும் குறிப்பாக. ஊர் அறியாது. அறிந்தால் அலர். அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டுவதே கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஆற்றுப்படையிலோ வள்ளலின் பெயர், ஊர், மலை, ஆறு என எல்லாம் வெளிப்படை. ஒரே நிலத்தில் வாழ்ந்து, ஒரே குறிஞ்சி மலையைப் பாடிய புலவர்கள், ஒன்றைப் பெயர் சொல்லியும் மற்றொன்றைப் பெயர் சொல்லாமலும் பாடினார்கள். மாணவர்களின் வழக்கில் இரு கட்சியாரும் பாதி சரி என்று நாம் கருதுவது இதனால்தான். மாடம்பாக்கம் ஏரிக்கரைப் பாதை புறம். யாருக்கும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மீன்பிடிப்பவரின் வலை காயும் இடத்தையும் நாய்கள் துரத்தும் திருப்பத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆந்தையின் பாறை இடுக்கு அகம். அதைத் தெரிந்தவர் தெரியாததுபோல் இருப்பதே பண்பு. சிக்கல் என்னவெனில், கைப்பேசிக்கு அகம் புறம் தெரியாது. காட்டுக்குள் நுழையுமுன் பதிவை நிறுத்துவது ஓட்டுபவர் கையில்தான் இருக்கிறது.

இடரைச் சொல்லாத வழி என்ன செய்யும் என்பதற்குத் தமிழகம் ஒரு கொடிய சான்றையும் கண்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இளைஞர், பெண்கள் பலர். கோடையில் அந்தப் புல்வெளிச் சரிவு எப்படி எரியும், காற்று மாறினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பது மலையில் வாழ்வோர் அறிந்தது. அப்படிப்பட்ட அறிவு எந்தக் கோட்டிலும் ஏறுவதில்லை. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளைக் கொணர்ந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவுடன் திறந்தது. மலைவாழ் ஊர்களைச் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், கானவர் உடன்வந்து வழியில் சேர்க்கும் அந்தப் பழைய காட்சிதான் இது.

மலைபடுகடாத்தின் மலையைக் காண விரும்புவோர் பர்வதமலைக்குச் செல்லலாம். முழுநிலா நாள்களில் பெருங்கூட்டம் ஏறும் மலை அது. தென்மாதிமங்கலம் வழியாக ஒரு பாதை, கடலாடி வழியாக ஒரு பாதை. மேற்பகுதியில் செங்குத்துப் பாறையில் யாரோ முன்னே சென்றவர்கள் அறைந்துவைத்த கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பற்றித்தான் ஏறவேண்டும். கையுறை வேண்டாம், வழுக்கும். மழைநாளில் போகாதீர்கள். தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.